வரப்பைத் தாண்டும் அந்து: கரும்பின் இயற்கைக் காவலும் ஆலைப் பகுதியின் பொறுப்பும்

(திருக்கோவிலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட அச்சு வடிவம்)



கபிலர் குன்றும் பெண்ணையாறும் உள்ள ஊரில் பூச்சிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இலக்கியம் கேட்டுப் பழகிய அவைக்கு இது புதிதாக இருக்கலாம். ஆனால் இந்த ஊரும் கரும்பும் ஒரே பாட்டில் இடம்பெற்றவை. அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூற்று 99-ஆம் பாட்டு, அவன் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததைச் சொல்கிறது. அவன் கோவலூரை அழித்த வெற்றியையும் அதே பாட்டு சொல்கிறது. அந்தக் கோவலூர் நாம் கூடியிருக்கும் திருக்கோவிலூர் என்பது அறிஞர் கருத்து. அவ்வளவு பழைய உறவு உள்ள பயிரின் காவலைப் பற்றியது இன்றைய பேச்சு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கரும்பைத் துளைக்கும் புழுக்களுக்கு இயற்கையிலேயே எதிரிகள் உண்டு. அவற்றைப் பெருக்கி வயலில் விடும் முறையும் நம்மிடம் உண்டு. இருந்தும் அது விவசாயிகளிடம் நம்பிக்கை பெறவில்லை. கடையில் வாங்கி அவரவர் வயலில் அடிக்கும் மருந்தாக அதை நினைத்துவிட்டதே காரணம். இயற்கை எதிரி ஏரித் தண்ணீரைப் போல. மடையைத் திறக்கும் நாளும் முறையும் ஊர் கூடி வைத்தால்தான் கடைமடைக்கும் அது போய்ச் சேரும். கரும்பில் அந்த முறையை வைக்கக்கூடிய இடம் சர்க்கரை ஆலை. இதை ஆறு கூறுகளாகச் சொல்கிறேன்.

1. புழு இருக்கும் இடம்

நம் பகுதிக் கரும்பில் மூன்று துளைப்பான்கள் முக்கியமானவை. நட்ட முதல் மூன்று மாதத்தில் வருவது இளங்குருத்துப்புழு. குருத்து காய்ந்து நிற்கும், இழுத்தால் கையோடு வரும், முகர்ந்தால் அழுகல் நாற்றம் அடிக்கும். கணு விட்டபின், நாலாம் மாதத்திலிருந்து வெட்டு வரைக்கும் இருப்பது இடைக்கணுப்புழு. உச்சியில் இறங்குவது நுனிக்குருத்துப்புழு.

மூன்றும் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தண்டுக்குள் கழிப்பவை. முட்டை மட்டும் இலையின் மேல் இருக்கும். பொரித்த குஞ்சுப்புழு வெளியில் திரிவது மிகக் குறைந்த காலம். அதன்பின் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. இளங்குருத்துப்புழுவுக்குப் பயிர் சிறிதாக இருக்கும்போது வேர்ப்பகுதியில் ஊற்றும் ஊடுருவும் மருந்துகள் வேலை செய்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஏழாம் மாதத்தில் கரும்பு ஆளுயரம் தாண்டி ஒன்றோடொன்று பின்னிச் சாய்ந்து கிடக்கும்போது உள்ளே நுழைந்து மருந்தடிக்க யாரால் முடியும்? இடைக்கணுப்புழுவின் காலம் அதுதான்.

இயற்கை எதிரிகள் தங்குவதற்குக் கரும்பைப் போல ஏற்ற பயிரும் குறைவு. நெல் நாலு மாதத்தில் முடிந்துவிடும். கரும்பு பத்து மாதம், பன்னிரண்டு மாதம் நிற்கிறது; வெட்டியபின் மறுதாம்பாகத் தழைக்கிறது. நிழல், ஈரம், சோகை மூட்டம் எல்லாம் உள்ளே உண்டு. சிலந்தி, எறும்பு, பொறிவண்டு, ஒட்டுண்ணிக் குளவி யாவும் ஆண்டு முழுதும் அங்கே குடியிருக்கலாம், நாம் விட்டால்.

2. முட்டையிலேயே முடிப்பது

ட்ரைக்கோகிராம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணியை இங்கே பலர் கையில் பிடித்திருப்பீர்கள், அட்டை வடிவத்தில். உயிருள்ள குளவி ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. அது துளைப்பானின் தாய்ப்பூச்சியான அந்து இட்ட முட்டைக்குள் தன் முட்டையை வைக்கிறது. புழு வரவேண்டிய முட்டையிலிருந்து குளவி வருகிறது. துளைப்பான் கரும்பைத் தொடும் முன்பே கதை முடிந்துவிடுகிறது. 1930-களிலேயே மைசூர் சமஸ்தானத்தில் கரும்புத் துளைப்பான்களுக்கு இந்த இனக் குளவிகளைப் பெருக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

வளர்ப்பு முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்முடைய சிக்கலும் தீர்வும் அங்கேதான் இருக்கின்றன. கார்சைரா என்னும் அந்துப்பூச்சியின் முட்டையில் இந்தக் குளவி நன்றாக வளரும். கார்சைரா வளரக் கம்பு வேண்டும். உடைத்த கம்பைத் தட்டில் இரண்டரைக் கிலோ இட்டு, கொஞ்சம் நிலக்கடலைத் தூளும் ஈஸ்ட்டும் சேர்த்து, உண்ணி வராமலிருக்கக் கந்தகத் தூள் தூவி, கார்சைரா முட்டையைப் பரப்பி மூடி வைப்பார்கள். ஏறக்குறைய நாற்பது நாளில் அந்து வெளிவரும். அவற்றைப் பிடித்து முட்டையிட வைத்து, சலித்து, புற ஊதா ஒளி காட்டி உள்ளிருக்கும் கருவைக் கொன்று, அட்டையில் பசை தடவி ஒட்டுவார்கள். அட்டையைக் குளவிகளோடு பையில் வைத்தால் மூன்று நான்கு நாளில் முட்டைகள் கறுத்துவிடும். ஒரு சி.சி. அளவில் 18,000 முதல் 20,000 முட்டை இருக்கும். வளர்ப்புக்கூடத்துக்குள் பிரக்கான் என்னும் வேறொரு குளவி புகுந்து கார்சைராப் புழுக்களையே அழிப்பதும் உண்டு. நாம் பெருக்கும் பூச்சிக்கும் இயற்கை எதிரி இருக்கிறது. வளர்ப்பவர் விழித்திருக்க வேண்டும்.

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை இது: இடைக்கணுப்புழுவுக்கு நாலாம் மாதம் தொடங்கி பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஹெக்டேருக்கு 2.5 சி.சி. வீதம், ஆறு முறை விடவேண்டும். ஏன் ஆறு முறை? குளவி சில நாள்தான் வாழும். அந்துப்பூச்சியோ தொடர்ந்து முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு தவணை தவறினால் அந்த இடைவெளியில் பொரித்த புழுக்கள் தண்டுக்குள் போய்விடும்.

“அட்டை கட்டுனேன் ஐயா, ஒண்ணும் தெரியல” என்று சொல்லும் விவசாயியிடம் நான் நாலைந்து கேள்வி கேட்பது வழக்கம். அட்டை கறுத்திருந்ததா? எந்த நேரத்தில் கட்டினீர்கள்? இலையின் மேல்பக்கமா, அடிப்பக்கமா? எறும்பு வந்ததா? பிறகு மருந்தடித்தீர்களா? உச்சி வெயிலில் வண்டியின் முன்பெட்டியில் கிடந்த அட்டையில் உயிர் இருக்காது. கடைசியாகக் கேட்பது: பக்கத்துக் கழனிக்காரர் கட்டினாரா? பெரும்பாலும் இல்லை என்பதே பதில். அந்து இரவில் பறந்து வரப்பைத் தாண்டி வரும். இந்தக் குளவியோ விட்ட இடத்திலிருந்து சில மீட்டருக்கு மேல் எளிதில் போவதில்லை. ஓர் ஏக்கரில் அட்டை கட்டியவர் தன் கரும்பில் இட்ட முட்டையைத்தான் தடுக்கிறார். சுற்றியுள்ள இருபது ஏக்கரில் பிறக்கும் அந்துகள் மறுநாள் இரவு அவரிடமே வரும்.

முட்டை ஒட்டுண்ணி விடுவதால் கரும்பு எடையிலும் சர்க்கரையிலும் எவ்வளவு கூடுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சில சோதனைகளில் பயன் தெளிவாக இருந்தது, சிலவற்றில் தெளிவாக இல்லை. இதை விவசாயியிடம் மறைக்கக்கூடாது. துண்டு துண்டாக, நாள் தவறி, தரம் பார்க்காமல் விட்டதை வைத்து முறையையே தள்ளிவிடுவதும் சரியல்ல என்பது என் கருத்து. ஒழுங்காக, பரவலாக விட்டுப் பார்த்து அளந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

3. ஈ, நச்சுயிரி, குளவி

இளங்குருத்துப்புழுவுக்கு ஸ்டர்மியாப்சிஸ் என்றொரு ஈ எதிரி. இது முட்டையிடுவதில்லை, வயிற்றிலேயே பொரித்த சிறு புழுக்களைத் துளையின் வாயிலில் விடுகிறது. அவை துளைக்குள் ஊர்ந்து சென்று உள்ளே இருக்கும் புழுவைத் தேடிப்பிடித்து அதன் உடலுக்குள் நுழைகின்றன. மருந்து போகாத இடத்துக்கு இது தானே போகிறது. ஏக்கருக்கு 125 சினை ஈக்கள் என்பது பரிந்துரை. வளர்ப்பது கடினம், உயிருள்ள துளைப்பான் புழு அதற்கு வேண்டும்.

அதே புழுவைத் தாக்கும் கிரானுலோசிஸ் நச்சுயிரியைக் கோவைக் கரும்பு இனப்பெருக்கு நிலையத்தின் ஈஸ்வரமூர்த்தி, டேவிட் ஆகியோர் 1979-இல் பதிவு செய்தார்கள். நோயுற்ற 750 புழுக்களை அரைத்துக் கரைத்தால் ஒரு ஹெக்டேருக்குப் போதும். நட்ட 35-ஆம் நாளும் 50-ஆம் நாளும் தெளிக்கவேண்டும். நம் மண்ணிலேயே கிடைத்த நோயை நம் வயலுக்கே திருப்பித் தருவது இது. நுனிக்குருத்துப்புழுவுக்கு ஐசோடிமா என்னும் குளவியை வட இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், அது தமிழ்நாட்டில் நிலைகொண்டுவிட்டது.

இவற்றோடு உழவர் கையில் உள்ள பழைய வேலைகளும் சேரவேண்டும். மார்கழி, தையில் முன்பட்டத்தில் நடுவது, நட்டதும் சோகை பரப்புவது, ஊடே தக்கைப்பூண்டு விதைப்பது, முப்பத்தைந்தாம் நாள் லேசாக மண் அணைப்பது எல்லாமே இளங்குருத்துப்புழுவைக் குறைக்கின்றன. ஐந்தாம், ஏழாம் மாதங்களில் சோகை உரிப்பது இடைக்கணுப்புழுவைக் குறைக்கிறது. வெட்டியபின் சோகைக்குத் தீ வைப்பது மட்டும் எனக்கு மனம் பொறுக்காத செயல். அந்தத் தீயில் துளைப்பானும் கொஞ்சம் சாகிறது என்பது உண்மை. ஒட்டுண்ணி, சிலந்தி, பொறிவண்டு எல்லாம் அதோடு சேர்ந்து சாகின்றன. அடுத்த மறுதாம்பு காவல் இல்லாமல் தொடங்குகிறது.

4. ஒருமுறை விட்டால் போதுமா?

உயிரியல் முறை என்றவுடன் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கிறோம். இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் நிர்வாகம் வேறு.

முதல் வகை, ஒருமுறை விட்டால் தானே நிலைப்பது. அதற்கு உங்கள் பக்கத்திலேயே சான்று உண்டு. தென்னிந்தியாவில் காடுகரையெல்லாம் சப்பாத்திக்கள்ளி மண்டிக்கிடந்த காலம் ஒன்று. 1926-இல் இலங்கை வழியாகக் கொண்டுவந்த கோச்சினியல் பூச்சி அதைத் தின்று அடக்கியது. 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி மூன்றையும் அது வாட்டியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் என்னும் குளவியைப் பெங்களூரிலுள்ள வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் தருவித்தது, வேளாண் பல்கலைக்கழகம் பெருக்கி ஊரூராகக் கொடுத்தது, மாவுப்பூச்சி அடங்கியது. அடுத்து 2020-இல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் தெரிந்து தமிழ்நாட்டுக்கும் வந்தது. கள்ளக்குறிச்சி, சேலம் மரவள்ளிக்காரர்களுக்கு அதைப்பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை 1980-களில் அடக்கிய அனாகைரஸ் லோபெசி குளவியை பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022 மார்ச்சில் கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள்.

இந்தக் கள்ளியும் மாவுப்பூச்சிகளும் வெளியிலிருந்து வந்தவை. எதிரியை அதன் பிறந்த ஊரில் விட்டுவிட்டு வந்தவை. எதிரியைக் கொண்டுவந்து சேர்த்தால் அது தானே பெருகிக் காவல் காக்கும். அரசு பெரிய முயற்சியாக ஒருமுறை செய்தால் போதும்.

கரும்புத் துளைப்பான்கள் அப்படி அல்ல, அவற்றுக்கு வேண்டியது இரண்டாம் வகை. அவை இந்த மண்ணுக்கு உரியவை, அவற்றின் எதிரிகளும் இந்த மண்ணுக்கு உரியவை. எதிரி எப்போதும் உண்டு. வேண்டிய நாளில் வேண்டிய அளவில்தான் இல்லை. அந்தப் பற்றாக்குறையை ஆண்டுதோறும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிரப்பவேண்டும். மரவள்ளியில் கண்ட வெற்றியை நினைத்துக்கொண்டு கரும்பில் ஒரு முறை அட்டை கட்டி ஓய்ந்துவிட்டால் ஏமாற்றம்தான் வரும்.

கரும்பைத் தாக்கும் பஞ்சு அசுவினியின் வரலாறு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2002-இல் மகாராஷ்டிரத்தின் சாங்கிலிப் பகுதியில் வெடித்துக் கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பரவியது. இலையின் அடியில் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கிடக்கும், கீழிலைகளில் கரும்பூசணம் படியும். பயந்துபோய் மருந்தை ஊற்றினோம். அசுவினி திரும்பத் திரும்ப வந்தது. டைஃபா என்னும் அந்தின் புழு அசுவினியைத் தின்பது. மருந்து அதையும் கொன்றது. மைக்ரோமஸ் என்னும் இரைவிழுங்கியும் அப்படியே போயிற்று. டைஃபாவைக் காப்பாற்றி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய் விட்டதும், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த என்கார்சியா குளவி இங்கே நிலைகொண்டதும் அசுவினியைத் தணித்தன. அந்த ஆண்டுகளில் ஆலைகளின் கரும்பு அலுவலர்கள் டைஃபாப் புழுக்கள் உள்ள இலைகளை வெட்டி எடுத்து வண்டியில் ஊர் ஊராகக் கொண்டுபோனதை நான் மதிப்போடு நினைக்கிறேன். ஆலை முனைந்தால் முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

5. கடல் கடந்தவை

இந்த முறையைத் தப்பாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் கரும்புதான் உலகத்துக்குப் பாடம் சொன்னது. 1872-இல் கரும்புத் தோட்ட எலிகளை ஒழிக்க இந்தியாவிலிருந்து கீரியை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அது எலியோடு நிற்கவில்லை, தரையில் கூடுகட்டும் பறவைகளையும் பல்லி இனங்களையும் அழித்தது. 1935-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு ஹவாயிலிருந்து பெருந்தேரை வந்தது. தொல்லை தந்த வண்டு கரும்பின் உச்சியில், அதன் புழு மண்ணுக்குள். தரையில் தாவும் தேரைக்கு இரண்டும் எட்டவில்லை. நஞ்சுள்ள அந்தத் தேரையைத் தின்ற உள்நாட்டு விலங்குகள்தான் செத்தன. கண்டதையெல்லாம் தின்னும் உயிரைக் காவலுக்கு வைத்ததே இரண்டிலும் பிழை. இன்ன புழு, இன்ன பருவம் என்று குறிபார்க்கும் ஒட்டுண்ணிகளை மட்டும் இன்று தேர்ந்தெடுப்பது அந்த அனுபவத்துக்குப் பின்தான்.

சரியாகச் செய்ததற்குச் சான்று பிரேசில். கோடீசியா ஃபிளேவிப்பெஸ் என்னும் சிறு குளவி நம் நாட்டுத் துளைப்பான்களில் வாழ்வது. 1966 வாக்கில் இந்தியாவிலிருந்து பார்படாஸ் தீவுக்குப் போய் அங்குள்ள துளைப்பானை அடக்கியது. 1970-களில் பிரேசிலுக்கு முதலில் டிரினிடாடிலிருந்தும், பிறகு 1978-இல் இந்தியா, பாகிஸ்தானிலிருந்தும் போயிற்று. இன்று அங்கே முப்பது லட்சம் ஹெக்டேருக்கு மேல் கரும்பில் இதை விடுகிறார்கள். அங்கும் குளவியை ஆண்டுதோறும் வளர்த்துத்தான் விடுகிறார்கள். ஆலைகளே வளர்ப்புக்கூடம் நடத்துகின்றன, தனியார் கூடங்களும் உண்டு. பயிரைப் பார்த்து, புழு எண்ணிக்கை எடுத்து, தேவையான இடத்தில் விடுகிறார்கள். நம் வயலில் பிறந்த குளவி அங்கே இவ்வளவு உழைக்கிறது என்றால், அதன் பின்னால் நிற்கும் அமைப்பைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

6. ஆலையால் என்ன முடியும்?

கரும்பு வேறு எந்தப் பயிரையும் போல் அல்ல. யார், எந்த ஊரில், எந்தச் சர்வே எண்ணில், எந்தத் தேதியில், எந்த ரகம் நட்டார் என்பது ஆலையின் பதிவேட்டில் இருக்கிறது. வெட்டு உத்தரவு அதை வைத்துத்தான் போகிறது. ஒட்டுண்ணி விடுவதற்கு வேண்டிய முதல் ஆவணமும் அதுவேதான். நெல்லுக்கோ மரவள்ளிக்கோ இப்படி ஒரு பதிவு கிடையாது.

கணக்கு எளியது. மார்கழியில் நட்ட கரும்புக்குச் சித்திரையில் முதல் அட்டை வேண்டும். கம்புத் தட்டு போட்டு அந்து வர நாற்பது நாள், அட்டை கறுக்க மேலும் சில நாள். ஆகவே மாசியிலேயே தட்டு போட்டாகவேண்டும். எத்தனை ஏக்கருக்கு என்று அப்போதே தெரிந்திருக்கவேண்டும். தனி விவசாயி ஒருவர் சித்திரையில் அட்டை கேட்டு அலைவதால் இது நடக்காது. தமிழ்நாட்டின் பல ஆலைகள் முன்பே ஒட்டுண்ணி வளர்ப்புக்கூடங்கள் நடத்தியிருக்கின்றன; ஆலைக்குப் பணமுடை வரும்போது முதலில் மூடப்படுவதும் அந்தக் கூடம்தான். அதற்கான செலவைக் கரும்புப் பணத்தில் டன்னுக்குச் சிறு தொகையாகப் பிடித்து, கணக்கை விவசாயிகள் பார்க்கும்படி வைக்கலாம். கம்பு இந்தப் பக்கத்திலேயே விளைகிறது. வளர்ப்பு வேலையைச் சுத்தமும் பொறுமையும் உள்ள மகளிர் குழுக்களிடம் கொடுக்கலாம்.

முழு ஆலைப் பகுதியையும் உடனே எடுக்கச் சொல்லமாட்டேன். பெண்ணையின் தென்கரையில் தொடர்ச்சியாகக் கரும்பு நிற்கும் நாலைந்து ஊர்களை ஒரு கோட்டமாக எடுத்து, ஒருவர் விடாமல், ஆறு தவணைகளில் ஒவ்வொன்றையும் எல்லாரும் ஒரே நாளில் விடவேண்டும். அதே அளவில் விடாத கோட்டம் ஒன்றையும் சற்றுத் தொலைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் மாதந்தோறும் நூறு கரும்பு பிளந்து துளைபட்ட கணுக்களை எண்ணி எழுதவேண்டும். எண்ணும் வேலையை இங்கே வந்திருக்கும் தாவரவியல், விலங்கியல் மாணவர்கள் செய்யலாம். மூன்று ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால், பயன் உண்டா இல்லையா என்று வெளியூர் ஆய்வுகளைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஆலை அலுவலர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். இந்த ஆண்டு மார்கழி நடவின் பதிவேட்டு நகலை மாணவர்களிடம் கொடுத்தால், தை முடிவதற்குள் எந்தெந்த ஊர் என்று குறித்துவிடலாம்.